கூரைக்கடியில் அமெரிக்கக் காற்பந்து

ஜொகூர் மாநிலத்தில் காற்பந்து என்றால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. பந்தைக் காலால் உதைத்து வலைக்குள் செலுத்தும் ஆட்டமே அது. 1985-ஆம் ஆண்டிலும் 1991-ஆம் ஆண்டிலும் ஜொகூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது அந்த ஆட்டத்தில்தான். 2015-ஆம் ஆண்டில் ஜொகூர் டாருல் தக்சிம் குழு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் அதிலேதான். ஆயின் அமெரிக்காவில் அதே பெயரைச் சூடிக்கொண்டு, பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுகின்ற வேறோர் ஆட்டம் இருக்கிறது. அந்த ஆட்டத்தைக் கூரை வேய்ந்த மண்டபத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, ஊதியம் பெறும் ஆட்டக்காரரைக் கொண்டு, ஆசியாவிலேயே நடத்திப் பார்த்தார்கள். 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் சீன நாட்டின் ஆறு நகரங்கள் தத்தம் பெயரில் குழு அமைத்து இதில் இறங்கின.

பெரும் பொருட்செலவில் தொடங்கிய அந்த முயற்சி தொடங்கிய வேகத்தில் வளரவில்லை. ஏன் வளரவில்லை என்னும் கேள்வி விளையாட்டு விரும்பிகளுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளுக்கு எந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பது, பள்ளித் திடலை எதற்குப் பயன்படுத்துவது என்று எண்ணிப் பார்க்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அதில் பாடம் உண்டு.

பிறப்பும் வளர்ப்பும்

1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் மோதிய ஆட்டத்தையே அமெரிக்கக் காற்பந்தின் முதல் ஆட்டமாகக் கணக்கிடுவர். பக்கத்துக்கு 25 பேர் ஆடினர். ரட்கர்ஸ் 6-க்கு 4 என்று வென்றது. அன்று ஆடிய ஆட்டம் இன்றைய காற்பந்துக்கும் ரக்பிக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. ஏல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப் என்பவர் 1880-ஆம் ஆண்டு தொடங்கி விதிகளை ஒவ்வொன்றாகத் திருத்தியமைத்தார். பக்கத்துக்கு 11 பேர் என்ற வரையறையும், பந்து கீழே வைக்கப்பட்ட இடத்தில் இரு குழுக்களும் எதிரெதிராக வரிசையிட்டு நின்று தொடங்கும் முறையும் அவர் தந்தவை.

தொடக்கக் காலத்தில் இவ்வாட்டம் கொடுமையானதாக இருந்தது. 1905-ஆம் ஆண்டில் மாணவர் பலர் களத்திலேயே உயிரிழந்ததால், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் விளைவாக 1906-இல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. ஒரே இடத்தில் குவிந்து மோதிக்கொண்டிருந்தவர்கள் களம் முழுதும் பரந்து ஓடலாயினர். இன்று காண்போரை ஈர்க்கும் நீண்ட எறிதலும் ஓட்டத்திலேயே பந்தைப் பற்றுதலும் உயிர்காக்க வந்த அத்திருத்தத்தின் பயன்கள்.

சடுகுடு ஆடியவருக்கு விளங்கும் வகையில்

புதியவருக்கு இந்த ஆட்டம் குழப்பமாகத் தோன்றும். ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ஊதல் ஒலிக்கிறது. மீண்டும் வரிசையில் நிற்கிறார்கள். ஆயினும் சடுகுடு அறிந்தவருக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

சடுகுடுவில் பாடிச் செல்பவர் நடுக்கோட்டைத் தாண்டி எதிரியின் நிலத்துள் புகுந்து, பிடிபடாமல் திரும்பவேண்டும். ஒவ்வொரு பாட்டமும் தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிகிறது. அமெரிக்கக் காற்பந்தும் அவ்வாறே துண்டு துண்டான முயற்சிகளால் ஆனது. பந்து வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கில் 10 கஜ தூரமாவது முன்னேறிவிட்டால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிர்க்குழுவுக்குப் போய்விடும். பந்தை ஏந்துபவரை எதிரிகள் பிடித்து வீழ்த்தினால் அம்முயற்சி முடிந்தது. சடுகுடுவில் திரும்பி வருவதே வெற்றி. இங்கோ திரும்ப வேண்டியதில்லை. வென்ற நிலத்தில் நின்று அடுத்த அடி வைக்கவேண்டும்.

எதிரியின் எல்லைப் பகுதிக்குள் பந்தோடு நுழைந்தால் அல்லது அங்கே பந்தைப் பற்றினால் 6 புள்ளிகள். இதனை டச் டவுன் என்பர். கம்பங்களின் இடையே பந்தை உதைத்தனுப்பினால் 3 புள்ளிகள். குழுவை நடத்துபவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார். பந்து முதலில் அவர் கைக்கு வரும். தாமே ஓடுவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் உள்ளவருக்கு எறிவதா என்பதை ஓரிரு நொடிகளில் முடிவுசெய்யவேண்டியவர் அவர்.

திறந்தவெளி ஆட்டத்தின் களம் எல்லைப் பகுதிகள் உட்பட 120 கஜ நீளமும் 53 கஜத்துக்குச் சற்று மிகுந்த அகலமும் உடையது. அஃதாவது ஏறத்தாழ 6,400 சதுர கஜம். இவ்வளவு பெரிய களத்தை எப்படி மண்டபத்துக்குள் கொண்டுசென்றார்கள் என்பதே அடுத்த கேள்வி.

கூரைக்குள் புகுந்த கதை

ஒருமுறை இந்த ஆட்டத்தைக் கூரைக்குள் புகுத்தியது பனிப்புயல்தான். 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் சிக்காகோ பேர்ஸ் குழுவும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் குழுவும் சாம்பியன் பட்டத்துக்காக மோதவேண்டியிருந்தது. வெளியே கடும் குளிரும் பனியும். ஆகவே சிக்காகோ நகரின் உள்ளரங்கத்துக்கு ஆட்டத்தை மாற்றினர். சில நாள் முன்பு அங்கே ஒரு சர்க்கஸ் நடந்திருந்தது. அதற்காகப் பரப்பிய மண்ணே களமாயிற்று. முழு நீளத்துக்கு இடமில்லாததால் 80 கஜமாகக் களத்தைச் சுருக்கினர். சிக்காகோ 9-க்கு 0 என்று வென்றது. ஆனால் இதனை ஓர் அவசர ஏற்பாடாகவே அனைவரும் கருதினர்.

மண்டபத்துக்கென்றே தனியாக ஓர் ஆட்டமுறையை வகுத்தவர் ஜிம் ஃபாஸ்டர் என்பவர். 1981-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் உள்ளரங்கக் காற்பந்து ஒன்றைக் கண்டுகொண்டிருந்தபோது, அமெரிக்கக் காற்பந்தையும் இப்படி ஆடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த பழுப்புக் காகித உறையின் மேல் களத்தின் வரைபடத்தைக் கீறினார். 1986-இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் நகரில் சோதனை ஆட்டம் ஒன்றை நடத்தினார். 1987-இல் நான்கு குழுக்களுடன் அரினா காற்பந்துப் போட்டி பிறந்தது. டென்வர் டைனமைட் குழு முதல் வெற்றி பெற்றது. 1990-இல் இந்த ஆட்டமுறைக்கு அமெரிக்க அரசின் காப்புரிமையும் கிடைத்தது. பிறரது அனுமதியின்றி ஆட முடியாதபடி காப்புரிமை பெற்ற விளையாட்டு என்பது உலகில் அரிதான செய்தி.

ஃபாஸ்டரின் கணக்கு நுட்பமானது. அமெரிக்காவின் பெரிய உள்ளரங்கங்கள் பனிச்சறுக்கு ஹாக்கிக்காகக் கட்டப்பட்டவை. அந்தத் தளத்தின் அளவு 200 அடிக்கு 85 அடி. ஃபாஸ்டரின் களம் 50 கஜ நீளமும், இருபுறமும் 8 கஜ எல்லைப் பகுதியும் கொண்டது. மொத்தம் 66 கஜம், அஃதாவது 198 அடி. அகலம் 85 அடி. ஹாக்கிப் பனித்தளத்தின் மேல் விரிப்பைப் போட்டால் களம் ஆயத்தம். ஹாக்கி இல்லாத வேனிற்காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் அரங்கங்களுக்கு வருவாயும் ஆயிற்று. இன்னும் எளிதாகச் சொல்வதானால், ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் ஏறத்தாழ 30 அடி இடைவெளி விடுவது வழக்கம். ஒரே வரிசையில் நிற்கும் ஆறு மரங்களை மனத்தில் எண்ணிக்கொண்டால், முதல் மரத்துக்கும் ஆறாம் மரத்துக்கும் இடைப்பட்ட தொலைவே அந்த 50 கஜம்.

இட நெருக்கம் ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. பக்கத்துக்கு 11 பேருக்குப் பதிலாக 8 பேர். திறந்தவெளியில் ஆளுக்கு ஏறத்தாழ 290 சதுர கஜ இடம் உண்டு என்றால், இங்கே 117 சதுர கஜமே உண்டு. எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெற்றிடம் கிடையாது. மெத்தை பொருத்திய தடுப்புச் சுவரே எல்லை. கம்பங்களின் இடைவெளி 9 அடிதான். குறுக்குக் கம்பம் 15 அடி உயரத்தில் இருக்கும். கம்பங்களின் இருபுறமும் 30 அடி அகலமும் 32 அடி உயரமும் கொண்ட வலைகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவ்வலையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பற்றி ஆட்டத்தைத் தொடரலாம். பந்தை எதிரிக்குத் தொலைவாக உதைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் உத்திக்கு இங்கே அனுமதி இல்லை. ஆகவே இரு குழுக்களும் முன்னேறிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு குழு 50 புள்ளிகளுக்கு மேல் பெறுவது இங்கே வியப்பன்று. தொடக்க ஆண்டுகளில் ஒரே ஆட்டக்காரர் தாக்கவும் தடுக்கவும் வேண்டும் என்ற விதியும் இருந்தது.

இந்தச் சிறிய களத்திலிருந்து பெரிய களத்துக்கு உயர்ந்தவருள் புகழ்பெற்றவர் கர்ட் வார்னர். 1994-இல் பெரிய குழு ஒன்றால் கழிக்கப்பட்ட அவர், அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் இரவு வேளையில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்னும் அரினா குழுவில் ஆடினார். நெருக்கடியான இடத்தில் விரைந்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே அவருக்குக் கைவந்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் செயின்ட் லூயி ராம்ஸ் குழுவை அவரே நடத்தி, அமெரிக்காவின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி தேடித்தந்தார்.

ஆயினும் அரினா காற்பந்தின் பொருளாதாரம் என்றுமே உறுதியாக இருந்ததில்லை. 2009-இல் போட்டியே நடைபெறவில்லை. 2010-இல் மீண்டது. 2019-இல் மறுபடியும் மூடப்பட்டது. பிறந்த மண்ணிலேயே இவ்வளவு தடுமாற்றம் கண்ட ஓர் ஆட்டத்தைத்தான் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

சீனத்தின் ஆறு குழுக்கள்

பிலடெல்பியா சோல் என்னும் அரினா குழுவின் உரிமையாளருள் ஒருவரான மார்ட்டின் ஜட்ஜ் என்பவரே சீன முயற்சியின் முன்னோடி. சீனாவில் பெரிய உள்ளரங்கங்கள் பல இருந்தன; நகரங்களில் மக்கள்தொகையும் மிகுதி. கூடைப்பந்து அங்கே பெருவெற்றி கண்டிருந்தது. அவ்வழியில் இதுவும் பரவும் என்று அவர்கள் கணித்தார்கள்.

பெய்ஜிங் லயன்ஸ், ஷாங்காய் ஸ்கைவாக்கர்ஸ், குவாங்சோ பவர், ஷென்சென் நாஜா, டாலியான் டிராகன் கிங்ஸ், சிங்தாவ் கிளிப்பர் என்பன அந்த ஆறு குழுக்கள். 2016 அக்டோபர் தொடங்கி நவம்பர் முற்பகுதி வரை போட்டிகள் நடந்தன. ஒவ்வொரு வார இறுதியிலும் ஆறு குழுக்களும் ஒரே நகரில் கூடி ஆடிவிட்டு, அடுத்த வாரம் அடுத்த நகருக்குப் பெயர்ந்தன. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றதை இது நினைவூட்டும். முடிவில் பெய்ஜிங் லயன்ஸ் வாகை சூடியது.

குழுக்களை அமைத்த முறை குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ பாதிப் பேர் சீனர். மறுபாதி பெரும்பாலும் அமெரிக்கர். உள்நாட்டார் இல்லாவிடில் உள்நாட்டு மக்கள் பார்க்க வரமாட்டார்கள் என்பது அமைப்பாளருக்குத் தெரிந்தே இருந்தது. இங்கேதான் சிக்கலும் இருந்தது. அமெரிக்க ஆட்டக்காரர் சிறுவயது முதல் இந்தப் பந்தோடு வளர்ந்தவர். சீன ஆட்டக்காரர்களோ ரக்பி, கூடைப்பந்து முதலிய பிற ஆட்டங்களிலிருந்து வந்து, வளர்ந்த பிறகு இதனைக் கற்றவர்கள். உடல் வலிமைக்கும் ஊக்கத்துக்கும் அவர்களிடம் குறைவில்லை. ஆனால் எறியப்பட்ட பந்து எங்கே வந்திறங்கும் என்பதைக் கணநேரத்தில் உணரும் பழக்கம் பத்து வயதில் தொடங்கிக் கைகூடவேண்டியது. ஆகவே ஆட்டத்தின் முதன்மையான பொறுப்புகள், குறிப்பாகக் குவார்ட்டர்பேக் பொறுப்பு, வெளிநாட்டாரிடமே தங்கிவிட்டன.

இரண்டாம் பருவம் மறு ஆண்டே நடக்கவேண்டியது. குறித்தபடி அது நடக்கவில்லை. முதலாண்டில் ஆறு நகரங்களையும் சுற்றிவந்த அந்த எழுச்சி பின்னர் நிலைபெறவில்லை.

இந்தியாவும் ஜப்பானும்

சீனாவுக்கு முன்பே இந்தியாவில் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. அது திறந்தவெளி ஆட்டம். எலீட் காற்பந்துப் போட்டி என்ற பெயரில் 2011-இல் அது அறிவிக்கப்பட்டது. இந்திய நகரங்களோடு இலங்கையின் கொழும்பு நகரின் பெயரிலும் குழு இருந்தது. மேலே சொன்ன கர்ட் வார்னரும், வேறு சில அமெரிக்கப் புகழாளரும் அதற்கு ஆதரவாக நின்றனர். 2012-இல் புணே நகரில் ஆட்டங்களை நடத்திப் படம்பிடித்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினர். ஆட்டக்காரர் பலர் ரக்பி, கபடி, மற்போர் முதலியவற்றிலிருந்து திரட்டப்பட்டவர்கள். அந்த ஒரு பருவத்துக்கு மேல் அது வளரவில்லை. ஓர் ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்ட குழு அவ்வூரிலேயே ஆடவில்லை என்றால், அவ்வூரார் அதனைத் தம் குழு என்று எண்ணுவதற்கு வழி ஏது?

இவ்விரண்டுக்கும் மாறாக ஜப்பானைக் காணவேண்டும். அங்கே அமெரிக்கக் காற்பந்து பணமுதலீட்டின் வழியாக வரவில்லை. ஆசிரியர் ஒருவர் வழியாக வந்தது. தோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன பால் ரஷ் என்பவர், 1934-இல் ரிக்கியோ, மெய்ஜி, வசேதா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் மாணவரைச் சேர்த்துப் போட்டி ஒன்றைத் தொடங்கிவைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பெயர் சொல்லும் எதற்கும் அங்கே இடமில்லாது போயிற்று. ஆட்டமும் நின்றது. போர் முடிந்ததும் பழைய மாணவர்களே அதனை எடுத்து நிறுத்தினர். பல்கலைக்கழக வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கோஷியென் பவுல் ஆட்டம் 1947-இல் தொடங்கியது. படித்து முடித்தவர்கள் வேலைக்குச் சென்ற இடங்களில் கம்பெனிக் குழுக்கள் உருவாயின. 1999-இலும் 2003-இலும் நடந்த உலகப் போட்டிகளில் ஜப்பான் வெற்றி பெற்றது. அமெரிக்கா அவ்விரு போட்டிகளிலும் கலந்துகொள்ளவில்லை என்றாலும், கடல் கடந்து வந்த ஆட்டம் ஒன்று ஆசியாவில் வேரூன்ற முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மூன்று நாடுகளுக்கும் வந்த ஆட்டம் ஒன்றே. வந்த வழி வேறு. ஜப்பானில் வகுப்பறையிலிருந்து அரங்கத்துக்குச் சென்றது. சீனாவிலும் இந்தியாவிலும் அரங்கத்தை முதலில் அமைத்துவிட்டு, ஆடுவதற்கு ஆள் தேடினார்கள்.

குளுவாங் தோட்டத்தின் பாடம்

அயல்நாட்டுப் பொருள் ஒன்று புதிய மண்ணில் எப்போது தானாக வளர்கிறது என்பதை ஜொகூர் மக்கள் தம் கண்ணெதிரே கண்டிருக்கிறார்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். மலாயாவில் 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக அது தொடங்கியது. மரம் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் காய்ப்பிடிப்பு மட்டும் போதிய அளவு இல்லை. ஆண் பூவின் மகரந்தத்தைத் திரட்டி, மாவோடு கலந்து, தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று பெண் பூவின் மேல் தூவவேண்டியிருந்தது. செலவும் மிகுதி, உழைப்பும் மிகுதி.

ஆப்பிரிக்காவில் இதனை யார் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, சிறு கூன்வண்டு ஒன்று செய்கிறது என்பது தெரியவந்தது. பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அதனைக் கேமரூன் நாட்டில் ஆய்ந்து உறுதி செய்தார். 1981-ஆம் ஆண்டு ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் உள்ள பாமோல் தோட்டத்தில் அவ்வண்டுகள் முதன்முதலாக விடப்பட்டன. சிறிது காலத்தில் அவை தீபகற்பம் முழுதும் பரவின. கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மரம் இங்கே இருந்தது. அதனைக் காய்க்க வைக்கும் சிற்றுயிர்தான் இல்லாமலிருந்தது.

விளையாட்டும் அத்தகையதே. அரங்கம், விளக்கு, சீருடை, தொலைக்காட்சி எல்லாம் மரத்தைப் போன்றவை. மாலை நான்கு மணிக்குப் பந்தோடு திடலுக்கு வரும் பிள்ளைகளும், விதி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும், ஞாயிறுதோறும் கோடு போட்டு ஊதல் ஊதும் ஊர்க்காரரும் அந்த வண்டைப் போன்றவர்கள். அவர்கள் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பருவமும் கையால் மகரந்தம் தூவவேண்டியிருக்கும். தூவும் கை ஓய்ந்த அன்று காய்ப்பும் நின்றுவிடும்.

ஜொகூர் டாருல் தக்சிம் குழுவின் வெற்றியை இதனோடு ஒப்பிடலாம். 2013-இல் அப்பெயர் பெற்று, 2014 முதல் ஆண்டுதோறும் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை அது தொடர்ந்து வென்று வந்ததற்குப் பெரும் முதலீடு துணைசெய்தது உண்மையே. 2020-இல் திறந்த சுல்தான் இப்ராகிம் விளையாட்டரங்கமும் அவ்வாறு எழுந்ததே. ஆனால் அந்தப் பணம் வருவதற்குப் பல தலைமுறை முன்பே இம்மாநிலத்தின் பள்ளிகளிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் காற்பந்து வேர்விட்டிருந்தது. முதலீடு அங்கே உரமாக அமைந்தது, விதையாக அன்று.

கபடியின் கதையும் இதையே சொல்லுகிறது. புழுதி மண்ணில் ஆடிய ஆட்டத்தை 2014-இல் புரோ கபடிப் போட்டி மண்டபத்துக்குள் கொண்டுசென்றது. மண்ணுக்குப் பதிலாக மெத்தை விரித்தார்கள். பாட்டத்துக்கு 30 நொடி என்று வரையறுத்தார்கள். 2017-இல் தமிழ்நாட்டின் சார்பில் தமிழ் தலைவாஸ் குழு அதில் சேர்ந்தது. அமெரிக்கக் காற்பந்தைச் சுருக்கி மண்டபத்துக்குள் வைத்த அதே உத்திதான் இது. ஆனால் கபடிக்கு ஆள் தேடி அலையவேண்டிய நிலை இல்லை. சிற்றூர்தோறும் ஆடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பார்த்தவர்களுக்கும் விதி சொல்லித்தரவேண்டியதில்லை.

பள்ளித் திடலுக்கு எது ஏற்றது?

இனி அமெரிக்கக் காற்பந்து மலேசியப் பிள்ளைகளுக்கு எட்டாத ஆட்டம்தானா என்ற கேள்வி எழும். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆடும் முழு ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு தடைகள் உண்டு. ஒன்று செலவு. மற்றொன்று உடலுக்கு நேரும் ஊறு. 2002-இல் காலமான மைக் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் மூளையை மருத்துவர் பென்னட் ஓமாலு ஆராய்ந்து, பல ஆண்டுகளாகத் தலையில் பட்ட மோதல்கள் மூளையைச் சிதைத்திருப்பதை 2005-இல் வெளியிட்டார். கவசம் மண்டையோட்டைக் காக்கும். அதற்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. அமெரிக்கப் பெற்றோரே பலர் இன்று தம் பிள்ளைகளை இவ்வாட்டத்துக்கு அனுப்பத் தயங்குகின்றனர்.

இந்த இரு தடைகளுக்கும் விடையாக வளர்ந்திருப்பது கொடிக் காற்பந்து. இதில் பிடித்து வீழ்த்துதல் கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு வாரும் அதில் தொங்கும் துணிப்பட்டைகளும் இருக்கும். பந்து வைத்திருப்பவரின் பட்டையை உருவிவிட்டால் அந்த முயற்சி முடிந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். களம் 50 கஜ நீளம், 25 கஜ அகலம். இருபுறமும் 10 கஜ எல்லைப் பகுதி. ஃபாஸ்டர் மண்டபத்துக்காக வகுத்த அளவுக்கு இது நெருங்கியது என்பது கவனிக்கத்தக்கது. பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒருங்கே ஆடலாம். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் குழு, 2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இதனைச் சேர்க்க இசைந்தது. சுவர்ப்பந்தும் கிரிக்கெட்டும் அதே கூட்டத்தில்தான் சேர்க்கப்பட்டன.

மாணவர் தொகை குறைந்த தமிழ்ப் பள்ளிகளில் 11 பேர் கொண்ட இரு காற்பந்துக் குழுக்களை அமைப்பது கடினம். பத்துப் பேர் இருந்தால் கொடிக் காற்பந்து ஆடலாம். பதினான்கு பேர் இருந்தால் கபடி ஆடலாம். கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் இடம் போதும்; பந்துகூட வேண்டியதில்லை. இரண்டிலும் எதிரியின் நிலத்துள் துணிந்து புகுவதும், ஒருவரை ஒருவர் நம்பி நிற்பதும், நொடியில் முடிவெடுப்பதும் பயிலப்படுகின்றன. பழகிய ஆட்டத்தைக் கைவிட்டுப் புதியதைப் பற்றிக்கொள்ளவேண்டும் என்பதில்லை. சடுகுடுவில் தேர்ந்த பிள்ளை கொடிக் காற்பந்தில் பட்டையை உருவ ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும்.

பெய்ஜிங் லயன்ஸ் குழு கிண்ணத்தை ஏந்திய நாளில் அரங்கத்தில் விளக்கும் ஒலியும் ஆரவாரமும் நிறைந்திருந்தன. அந்நகரின் பள்ளிகளில் அந்தப் பந்தை எறியத் தெரிந்த பிள்ளைகளோ மிகச் சிலர். தோக்கியோவில் 1934-இல் மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கியபோது ஆரவாரம் குறைவு. ஆனால் கற்றவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள். ஒரு விளையாட்டுக்கு எதிர்காலம் உண்டா என்று அறிய விரும்புவோர் அதன் பெரிய அரங்கத்துக்குப் போகவேண்டியதில்லை. பள்ளி முடிந்த மாலையில் அதன் பந்தை எத்தனை பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.